தஞ்சாவூர் ஃபிளாட்டில் காய்கறித் தோட்டம்: 19,000 ரூபாய் போன பிறகு எழுதுவது

வாடகை ஃபிளாட்டின் பால்கனியில் வீட்டுக்கு வேண்டிய காய்கறியில் பாதியையாவது விளைய வைத்துவிடலாம் என்று இறங்கி, ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 19,000 ரூபாயை விட்டேன். 8,500 ரூபாய் தோட்டம் அமைத்துத் தருகிறோம் என்று வந்தவர்களுக்குப் போனது. 2,400 இரும்பு ஸ்டாண்டுக்கும் கூடுதல் பைகளுக்கும், 2,100 நாற்று, உரம், மருந்து என்று சில்லறையாகவும், 6,000 கீழ்வீட்டில் தண்ணீர் கசிந்ததற்கும் போனது. ஒருவர் சம்பளத்தில் நடக்கும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. இன்றைக்கு அதே பால்கனியிலிருந்து வாரத்தில் பாதி நாள் கீரை வருகிறது, மாதம் நூறு ரூபாய்கூடச் செலவாவதில்லை. இடையில் தெரிந்துகொண்டதில் எதுவும் கஷ்டமான விஷயம் இல்லை, யாராவது அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். எனக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பாபநாசம் பக்கம் கிராமம். அப்பாவுக்கு குறுவை, சம்பா இரண்டும் உண்டு, வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் முருங்கை, வாழை, மார்கழியில் அவரைப் பந்தல். கீரையைக் காசு கொடுத்து வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை. பிள்ளைகள் படிப்புக்காகத் தஞ்சாவூர் வந்து ஒரு இரண்டாம் மாடி ஃபிளாட்டில் குடியேறினோம். இரண்டு படுக்கையறை, தெற்குப் பார்த்த பால்கனி ஒன்று, ஒன்பதடி நீளம் நாலடி அகலம். மொட்டைமாடியை அசோசியேஷன் பூட்டி வைத்திருக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது ரசத்துக்கே யோசித்து யோசித்துப் போட்டேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்துவிட்டு அரைக்கிலோ தக்காளிக்கு இப்படிக் கணக்குப் பார்க்கிறோமே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. அடுத்த மாசியில் தோட்டம் அமைத்துத் தருபவர்களைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம்.

வந்தவர் நண்பகலில் வந்தார். பால்கனி முழுக்க நல்ல வெயில். "தஞ்சாவூர் மண்ணுல எது வேணா வரும் மேடம், வெயிலும் சூப்பரா இருக்கு, தக்காளி, கத்தரி, வெண்டை, குடைமிளகாய்னு எல்லாம் போட்டுடலாம்" என்றார். பத்து க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை), கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம், விதை, சொட்டுநீர்க் குழாய், எல்லாம் சேர்த்து 8,500, மொத்தப் பணமும் முன்கூட்டியே. பங்குனியில் செடிகள் கிடுகிடுவென்று வந்தன. சித்திரை பிறந்ததும் ஒவ்வொன்றாக வெளுத்து, தண்டு மெலிந்து, கிராதி வழியாகத் தலையை வெளியே நீட்ட ஆரம்பித்தன. தக்காளி பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று அவரே இரண்டு டப்பா விற்றார். அப்புறம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கடைசியாக ஒருமுறை எடுத்தபோது, "செடி உயிருள்ளது மேடம், அதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது" என்று சொன்னார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடந்தது என்னவென்றால், வெயில் நகர்ந்துபோனது. அக்கினி நட்சத்திரத்தில் ஊரே கொளுத்துகிறது, என் பால்கனியில் மட்டும் ஒரு துளி நேர்வெயில் இல்லை. தஞ்சாவூர் பூமத்தியரேகையிலிருந்து வடக்கே 11 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுக் காட்டுவார்களே, அந்த நாள். அன்றிலிருந்து சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே திரும்புகிறது. ஆக, சித்திரையிலிருந்து ஆவணி வரை தெற்குப் பார்த்த பால்கனிக்குக் காலை, மதியம், மாலை எந்த நேரத்திலும் நேர்வெயில் கிடையாது. ஐப்பசியிலிருந்து மாசி வரை அதே பால்கனியில் வெயில் சாய்ந்து உள்ளே சுவர் வரைக்கும் வரும். அந்த ஆள் மாசியில் பார்த்துவிட்டு வருடம் முழுக்கக் கணக்குப் போட்டார். வடக்குப் பார்த்த பால்கனியில் எல்லாம் நேர்மாறு, கோடையில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் வரும், மார்கழியில் வரவே வராது. கிழக்குப் பார்த்ததுதான் இருப்பதிலேயே பாக்கியம், வருடம் முழுக்கக் காலை வெயில் உண்டு. மேற்கில் வெயில் உண்டு, ஆனால் பங்குனி, சித்திரையில் பிற்பகல் சூட்டில் பையே கொதிக்கும், மேலே பச்சை நிழல்வலை கட்டாமல் முடியாது.

அதனால் ஒரு ரூபாய் எடுப்பதற்கு முன்னால் போனில் இருக்கும் திசைகாட்டியைத் திறந்து பால்கனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். எதிர்க் கட்டடம் எவ்வளவு உயரம், மேல்மாடி பால்கனி எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் என்று காய்க்கிற செடி எதுவானாலும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைகளுக்கு மூன்று நாலு மணி நேரம் போதும். வெயில் இல்லாத இடத்தில் எந்த உரமும் காய் கொடுக்காது. அமைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், எந்த மாதம் எந்தச் செடி என்று எழுதிக் கேளுங்கள், பணத்தில் பாதியை முதல் அறுவடை வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிறவருக்கு விஷயம் தெரியாது.

அடுத்தது மண். டெல்டாக்காரர்களுக்கு நம் வண்டல் மேல் ஒரு பெருமை உண்டு, எனக்கும் உண்டு. செடி சரியாக வரவில்லை என்றதும் தம்பி வயலிலிருந்து இரண்டு மூட்டை மண் கொண்டுவந்து போட்டான். ஈரமாக இருக்கும்வரை வழவழவென்று இருந்தது, காய்ந்ததும் இறுகி வெடித்தது, ஊற்றிய தண்ணீர் வெடிப்பு வழியாக ஓரத்தில் இறங்கித் தரைக்கு வந்துவிட்டது, நடுவில் வேர் இருக்கும் இடம் பொட்டுக்கூட நனையவில்லை. அப்பா ஒருமுறை வந்து பையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயல்ல தேங்குனா வடிகால் இருக்கு ஆயி, இதுக்கு ஏது வடிகாலு? தண்ணி எப்படி வெளியில போகும்னு முதல்ல பாரு, மண்ணை அப்புறம் பார்க்கலாம்" என்றார். எனக்கு அதுவரை யாரும் சொன்ன யோசனைகளிலேயே உருப்படியானது இதுதான். எங்கள் வயல் வண்டலில் களி அதிகம், தண்ணீரைப் பிடித்து வைக்கிற மண், நெல்லுக்கு அது வரம், ஒரு அடி ஆழமுள்ள பைக்குள் வேர் மூச்சு விட முடியாமல் அழுகிவிடும். இப்போது நான் போடும் கலவையில் வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட்டும் கருக்கிய உமியும் சேர்ந்து ஒரு பங்கு. வண்டல் மண் இருந்தால் செம்மண்ணில் கால்வாசிக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். உமிக்கு நம் ஊரில் அலைய வேண்டியதே இல்லை, ரைஸ் மில்லில் கேட்டால் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். பச்சை உமியைவிடக் கருகியது நல்லது, எடையில்லாமல் இருக்கும், சீக்கிரம் மக்காது, மண்ணை இறுக விடாது. வைக்கோலை நறுக்கி மேலே மூடாக்காகப் போட்டால் பங்குனி வெயிலில்கூட ஈரம் நிற்கும், அதிலிருந்து நெல்மணி முளைத்து வரும், பிடுங்கிப் போட்டால் சரி.

கோகோபீட்டைப் பற்றி விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு, சில இடங்களில் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டும் நார் பிரிக்கிறார்கள். அந்தத் தூளைக் கழுவாமல் போட்டால் நாற்றின் வேர் கருகும். ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் எழுபது லிட்டருக்கு வரும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துப் பெரிய பக்கெட்டில் ஊற வைத்து, பிழிந்து, பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். இந்தக் கழுவலைப் பாத்ரூமில் செய்யுங்கள், பால்கனியில் வேண்டாம். ஏன் என்று கீழே வரும்.

உப்பு இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. செடிகளின் இலை ஓரம் மட்டும் காய்ந்து சுருளும், மண் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். பூச்சி என்று நினைத்து மருந்து, நோய் என்று நினைத்து வேறு மருந்து, எதற்கும் கேட்கவில்லை. எங்கள் கட்டடத்தில் போர் தண்ணீர் சாஃப்ட்னர் வழியாக வருகிறது. சாஃப்ட்னர் தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்புச்சத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது, அந்த இயந்திரத்தில் உப்பு மூட்டை கொட்டுவது அதற்குத்தான். பாத்திரத்துக்கும் குளிக்கவும் நல்லது, செடிக்கு மெதுவான விஷம். ஆர்.ஓ. கழிவுநீரும் இப்படித்தான், வீணாகிறதே என்று செடிக்கு விடாதீர்கள், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் சாஃப்ட்னர் இல்லாவிட்டாலும் நிலத்தடி நீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் குறைந்த கட்டணத்தில் பார்த்துத் தருகிறார்கள். நான் இப்போது மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரை மட்டும் விடுகிறேன். அரிசி, பருப்பு களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு குடத்தில் சேர்த்து வைத்தால் சின்னத் தோட்டத்துக்கு அதுவே முக்கால்வாசி ஆகிவிடும். மழைக்காலத்தில் ஒரு பக்கெட்டை வெளியே வைத்துவிடுங்கள், மழைத்தண்ணீரைப் போல உப்பை அலசி இறக்குவது வேறெதுவும் இல்லை.

இனி மழையின் கதை. இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் செடி செத்தால் போனது சில நூறு ரூபாய், இதில் போனது ஆறாயிரமும் மனுஷாளும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் பைகள் நாள் கணக்கில் ஊறின. அமைத்தவர் பைகளை நேராக டைல்ஸ் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார், அடியில் டிரேயும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. சாரலோடு உதிர்ந்த இலையும் தூளும் போய்ப் பால்கனியின் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்தன. தேங்கிய பழுப்புத் தண்ணீர் விளிம்பு வழியாகக் கீழ்வீட்டுக் கொடியில் இறங்கியது. அந்த வீட்டு அம்மா மேலே வந்து, "ஏம்மா, காயப்போட்ட வேட்டியெல்லாம் டீத்தண்ணி கலருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் பார்க்கக் கூடாதா" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் பால்கனி மேற்கூரையில் ஈரம் படர்ந்து பெயின்ட் உரிந்தது. கட்டடத்தின் தண்ணீர்க்காப்புப் பூச்சு ஏற்கெனவே பழசு என்று கொத்தனார் சொன்னார், ஆனால் மேலே செடி இருந்ததால் பேச்செல்லாம் செடியின் மேல்தான் வந்தது. ஓனர் போனில் பேசியதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. பூச்சு வேலைக்கும் பெயின்டுக்கும் 6,000 ரூபாய் நாங்கள் கொடுத்தோம். மாடிப்படியில் பார்த்தால் சிரித்துப் பேசும் அந்த அம்மா பொங்கல் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் மாமியார் "இந்தக் காசுக்கு ரெண்டு வருஷத்துக்குக் காய் வாங்கியிருக்கலாம்" என்றபோது பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தொட்டி வைக்கும் முன் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிச் சம்மதம் வாங்கி வையுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லி, அவர்கள் பால்கனியின் மேற்கூரையை முன்கூட்டியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய ஈரம் ஏற்கெனவே இருந்தால் பின்னால் உங்கள் தலையில் விழாது. தொட்டி தரையைத் தொடக் கூடாது, நாலு விரற்கடையாவது உயரத்தில் ஸ்டாண்ட், ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் டிரே. தண்ணீர் போகும் ஓட்டையில் கண்ணிவலை வைத்துக் கட்டுங்கள், மழைக்காலத்தில் தினமும் ஒரு பார்வை பாருங்கள். இன்னொன்று எடை. ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள பை இருபது லிட்டருக்கு மேல் பிடிக்கும், மண்கலவை நனைந்தால் இருபத்தைந்து முப்பது கிலோ. பத்துப் பையென்றால் கால் டன்னுக்கு மேல் ஆகிறது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் நுனியில் அதை வரிசை கட்டுவது ஆபத்து. கனமான பைகளைக் கட்டடச் சுவரை ஒட்டி வையுங்கள், நுனிப்பக்கம் கீரைத் தட்டு மட்டும். கிராதிக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள், கஜா புயல் அடித்த ஊர்ப்பக்கம் இருக்கிறோம், கார்த்திகையில் ஒரு காற்று போதும்.

பொங்கலுக்குப் பிறகு மறுபடி தொடங்கினேன், இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. கீரைக்கு ஆறு அங்குல ஆழம் போதும், ஆகவே மார்க்கெட்டில் உடைந்த தக்காளி கிரேட்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, உள்ளே அரிசிச் சிப்பச் சாக்கை விரித்து மண் நிரப்பினேன். சாக்கை மட்டும் தனியாகத் தொட்டியாக வைக்காதீர்கள், வெயிலில் ஒரு வருடத்துக்குள் இற்றுப்போய் நார் நாராக மண்ணில் கலக்கும். விதைக்கும் பெரிய செலவில்லை. சமையலறை வெந்தயத்தைத் தூவினால் மூன்று வாரத்தில் கீரை, கொத்தமல்லி விதையை லேசாக உடைத்துத் தூவ வேண்டும், சூடு குறைந்த மாதங்களில் மட்டும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டை, பொன்னாங்கண்ணித் தண்டை ஈரமண்ணில் குத்தி வைத்தாலே பிடித்துக்கொள்ளும். கொடிப்பசலை ஒரு முழத் துண்டு போதும், கிராதி முழுக்க ஏறிவிடும், நேர்வெயில் இல்லாத மாதங்களிலும் மெதுவாகவாவது வரும், எனக்குக் கோடையில் கைகொடுப்பது அதுதான். முளைக்கீரை விதைத்து மூன்று நாலு வாரத்தில் பிடுங்கலாம், வேரோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு நறுக்கினால் இன்னொரு தடவையும் துளிர்க்கும். பிரண்டைக்கும் கற்பூரவல்லிக்கும் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பரவாயில்லை. ஒரு கட்டுக் கீரை இங்கே பதினைந்து இருபது ரூபாய், வாங்கி ஒரு நாள் வைத்தாலே வாடும். தக்காளியும் கத்தரியும் நம் ஊரில் வருடத்தில் பல மாதம் மலிவு. சின்ன இடத்தில் எதை வளர்த்தால் காசு மிச்சமாகும் என்பதற்குக் கீரையும் மிளகாயும் கறிவேப்பிலையும்தான் என் பதில், குழம்புக்குக் காய் வளர்க்கும் ஆசையை நாலடிப் பால்கனியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பூச்சியைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. நர்சரியில் வாங்கும் மிளகாய் நாற்றோடு மாவுப்பூச்சி வரும், புது நாற்றை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மற்றதோடு சேருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் செய்யும் மீன் அமிலம் நல்ல சத்துதான், ஃபிளாட்டில் மட்டும் வேண்டாம், அந்த வாடைக்கு அக்கம்பக்கம் பொறுக்காது.

தோட்டக்கலைத் துறை சில ஆண்டுகளில் மாடித்தோட்டத் தளைகளை (கிட்) மானிய விலையில் தருகிறது, பை, கோகோபீட் கட்டி, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் ஒன்றாக இருக்கும். வெளியில் வாங்குவதற்கு முன் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போது வந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், உழவன் செயலியிலும் மானியத் திட்டங்களைப் பார்க்கலாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது திறந்த வயலுக்குச் சொன்னது. தெற்குப் பால்கனிக்காரர்கள் மிளகாய், கத்தரி ஆசை இருந்தால் ஆவணியில் நாற்று விட்டுப் புரட்டாசிக் கடைசியில் பையில் நடுங்கள், மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் வெயில் உள்ளே வரும்போது செடி பூக்கத் தயாராக இருக்கும், மாசி வரை பறிக்கலாம். பங்குனியில் அதைப் பிடுங்கிவிட்டுப் பசலைக்கும் புதினாவுக்கும் இடம் விடுங்கள். வடக்குப் பால்கனியென்றால் மாசியில் நாற்று விட்டுப் பங்குனிக் கடைசியில் நடலாம், மேலே ஒரு நிழல்வலையோடு.